பதினொரு நிமிடம்

வார்னம்பூல்
12 பிப்ரவரி 2023

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

அக்கா எழுதுகிறேன். அராரட் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்ப உனக்கு என்ன கேடு? நீ மறந்துவிட்டுப் போன தொப்பியில் பூனை படுத்துக்கொண்டிருக்கிறது, இனி அது உனக்குக் கிடைக்காது. உன் பையில் இரண்டு பாட்டில் பிளம் ஜாம் வைத்தேன். ஒன்று உனக்கு, இன்னொன்று மார்னிக்கு. தினமும் உன்னோடு காற்றாலைக் கோபுரம் ஏறி உன் பேச்சையும் கேட்கிறாளே, அந்தப் பெண்ணுக்கு இதாவது கிடைக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனில் "வியாழக்கிழமை" என்று நான் வாயைத் திறந்ததுமே "சிக்னல் இல்ல அக்கா" என்கிறாய். ஆபீஸ் மெயிலில் எழுதக்கூடிய சமாசாரமும் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வியாழக்கிழமை நீ நார்மனைத் தூக்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் செய்தாய். தீயணைப்பு, முதலுதவி, ஏணி எல்லாவற்றிலும் வகுப்பிலேயே நீதான் முதல். கடைசிப் பயிற்சி மட்டும் பாக்கி. கூட்டாளி மேல் அறையின் தரைக் கதவு வழியாகத் தவறி விழுந்து, கயிற்றில் தொங்குகிறான். நீ இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, மேலே இருக்கும் இரும்புச் சட்டத்தில் தூக்கும் கருவியை மாட்ட வேண்டும். பிறகு அவனைச் சுழற்றி மேலே ஏற்ற வேண்டும். எண்பது கிலோ பொம்மை நார்மன் உனக்காகத் தொங்கிக்கொண்டிருந்தான். நீ என்ன சொன்னாய்? "டீ ஆறிப்போவுது அக்கா. இதை நான் எத்தனை தடவை செஞ்சிருக்கேன்னு உனக்குத் தெரியாதா? போட்டுடு." நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதின்மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. உனக்குப் போட்டேன்.

25ஆம் தேதி சனிக்கிழமை வந்துவிடு. பயிற்சிக் கொட்டகைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஒரே ஒரு தடவை தூக்கிவிடு, நான் நிம்மதியாக இருப்பேன். மதியம் ஆட்டுக்கறி ரோஸ்ட் செய்கிறேன்.

உன் இடது தோள் எப்படி இருக்கிறது? கேட்டதற்குக் கோபப்படாதே.

பிரியமுடன்,
அக்கா கிளெனிஸ்

அராரட்
20 பிப்ரவரி 2023

பாதுகாப்புத் துறையின் மகாராணி அக்கா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நார்மனின் உடல்நிலை குறித்து நீ காட்டும் அக்கறை என்னை உருக்கிவிட்டது. அவனிடம் சொல்: கால் இல்லாத, தலையில் ஓட்டை உள்ள ஒரு பொம்மைக்காக நூற்றைம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்ட எனக்கு மனமில்லை.

அக்கா, நான் இந்தத் தொழிலில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உங்கள் கொட்டகைக்கு வந்து அதே டீ, அதே படம், அதே நார்மன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். தோளில் ஒன்றுமில்லை. டிசம்பரில் பக்கத்துப் பண்ணையில் செம்மறிக்கு ரோமம் வெட்டும்போது ஒரு கிடா இழுத்தது, சுளுக்கு. தைலம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

25ஆம் தேதி வர முடியாது. மார்னியின் பெண்கள் இரண்டு பேரும் விளையாடும் போட்டி இருக்கிறது, நான் ஸ்கோர் எழுதுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஜாமை அவளுக்குக் கொடுத்தேன். "பெருசு, உங்க அக்கா இவ்ளோ நல்லவங்களா இருக்காங்க, நீ மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டாள்.

கவலைப்படாமல் இரு. காகிதம் காகிதம்தான். கோபுரத்தில் ஏறுவது நான்.

உன் தம்பி,
ராய்ஸ்

வார்னம்பூல்
27 பிப்ரவரி 2023

அன்புள்ள ராய்ஸுக்கு,

சனிக்கிழமை ஆட்டுக்கறி செய்து, பத்து மணியிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டேன் என்று நீ எழுதியிருந்தும் பார்த்தேன். அது என் முட்டாள்தனம்.

இன்று புதிதாகப் பன்னிரண்டு பேர் வகுப்புக்கு வந்தார்கள். முதல் காலை நான் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "இந்தப் பயிற்சி அட்டை யாருக்காக வாங்குறீங்க?" ஒருவன் "கம்பெனிக்கு" என்றான், இன்னொருவன் "என் உயிருக்கு" என்றான். வழக்கம்போல நான், "இல்லப்பா. நீ தொங்கினா உன் அட்டை உன்னைத் தூக்காது. மேல நிக்கிறவனோட அட்டைதான் தூக்கும். உன் சட்டைப் பையில இருக்கறது உன் கூட்டாளியோட உயிர்" என்றேன். தண்ணீர் குடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

சுளுக்கு என்கிறாய். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அலமாரி மேல்தட்டிலிருந்த டீ டப்பாவை என்னை எடுத்துத் தரச் சொன்னாய். உன்னைவிட ஒரு சாண் குள்ளம் நான். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன், நீ கேலி செய்துகொண்டிருந்தாய். பயிற்சியில் சட்டையை ஒற்றைக் கையாலேயே கழற்றினாய். அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்தும் போட்டேன், அதுதான் என்னைக் கொல்கிறது.

ஏன் போட்டேன் என்று உனக்கும் தெரியும். 2009இல் நாம் இருவரும் ஒரே குழுவில் இருந்தோமே, அந்த ஏப்ரல். நான் தொங்கியபோது நான்கு நிமிடத்தில் என்னை மேலே இழுத்துப் போட்டாய். இழுக்கும்போதே, "அக்கா, இனிமே கேக்கைக் குறைச்சுக்கோ" என்று திட்டிக்கொண்டே இழுத்தாய். அந்தக் கைக்கு எப்படி நான் "முடியாது" என்று எழுதுவேன்?

டாக்டரிடம் போ. மேற்பார்வையாளர் கிரஹாமிடம் சொல்லி, கொஞ்ச நாள் கோபுரம் ஏறாத கீழ்வேலை கேள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா

அராரட்
10 மார்ச் 2023

அக்கா,

நல்ல செய்தி. உன் பரீட்சையை முடித்துவிட்டேன்! அதுவும் பொம்மையை வைத்து அல்ல, உயிருள்ள ஆளை வைத்து.

செவ்வாய்க்கிழமை பதினேழாம் கோபுரம். மேல் அறையில் சாமான் ஏற்றும் சங்கிலி சிக்கிக்கொண்டது. தரைக் கதவைத் திறந்துவைத்து மார்னி குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தரையில் எண்ணெய். சறுக்கிவிட்டது. கயிறு பிடித்துக்கொண்டதால் கதவுக்குக் கீழே, கைக்கு எட்டாத தூரத்தில், எண்பத்தைந்து மீட்டர் உயரத்தில் தொங்கினாள். நல்ல வடக்குக் காற்று வேறு, ஆடிக்கொண்டிருந்தாள்.

பயந்துவிடாதே. அவள் தொங்கிக்கொண்டே, "பெருசு, டீ போட்டுக் குடிச்சிட்டு நிதானமா வர்றியா?" என்று கேட்டாள்! நான் கருவியை மாட்டி, அவளைக் கோர்த்து, சுழற்றி மேலே கொண்டுவந்துவிட்டேன். காற்று படுத்தியதால் பதினொரு நிமிடம் ஆனது. நடுவில் காலுக்கான வாரை அவளே பிரித்து அதில் நின்றுகொண்டாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

விபத்துப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதினால் பதினாறு பக்கப் படிவம், எண்ணெயை ஏன் துடைக்கவில்லை என்று அவளைத்தான் முதலில் கேட்பார்கள். அவளும் சரி என்றாள்.

ஆகவே மதிப்பிற்குரிய ஆசிரியரே, பயிற்சி நிறைவு. உன் படிவத்தில் இப்போது பொய் ஒன்றும் இல்லை. நார்மனுக்கு ஓய்வு கொடு.

மார்னியின் பெண்களுக்குக் காய்ச்சலாம், மறுநாளிலிருந்து லீவு. 27ஆம் தேதி திங்கட்கிழமைதான் வருவாள். கூட்டாளி இல்லாமல் ஏற முடியாது என்பதால் அதுவரை நான் கீழே கொட்டகையில் போல்ட் எண்ணிக்கொண்டிருக்கிறேன். சலிப்பாக இருக்கிறது.

உன் தம்பி,
ராய்ஸ்

வார்னம்பூல்
14 மார்ச் 2023

ராய்ஸ்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை.

காற்று என்று என்னிடம் கதை விடாதே. மேல் அறைக்குள்ளே ஏது காற்று? அவள்தான் வெளியே ஆடினாள், நீ உள்ளே நின்றாய். கருவியை மேலே மாட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். என் வகுப்பில் நேற்று வந்த பேக்கரிக்காரர் மகன் மூன்றரை நிமிடத்தில் நார்மனை மேலே கொண்டுவந்துவிட்டான். உனக்குப் பதினொன்று. இடது கை மேலே போகவில்லை. ஒற்றைக் கையால் கருவியைத் தூக்கிப் பிடித்து, அது நழுவ, மறுபடி பிடித்து... எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

அவள் ஏன் காலுக்கான வாரைப் பிரித்தாள்? அதை எப்போது பிரிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். மேலே இருக்கிறவன் சீக்கிரம் வரமாட்டான் என்று தெரிந்தால், காலில் ரத்தம் தேங்கி மயங்கிவிடாதிருக்கப் பிரிக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்துவிட்டது, ராய்ஸ். உனக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் பெண் தொங்கியது கயிற்றில் மட்டுமல்ல, என் கையெழுத்திலும்தான். உன்மேல் கோபமாக இருக்கிறேன், என்மேல் அதைவிட அதிகமாக. பிப்ரவரி ஒன்பதிலிருந்து கடிதம் எழுதி, ஆட்டுக்கறி செய்து, உன் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளெல்லாம் அவள் உன்னை நம்பி ஏறியிருக்கிறாள்.

மார்னி 27ஆம் தேதி வருகிறாள் என்கிறாய். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் நீயே கிரஹாமிடம் போய்ச் சொல்லிவிடு: தோள் சரியில்லை, கடைசிப் பயிற்சி செய்யவில்லை, இப்படி ஒன்று நடந்தது என்று. நீயாகச் சொன்னால் வைத்தியம் பார்த்துத் திரும்ப வழி இருக்கும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நான் சொல்வேன். என் அட்டையும் போகும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

தயவுசெய்து நீயே சொல்லிவிடு.

அக்கா

அராரட்
21 மார்ச் 2023

கிளெனிஸ்,

மிரட்டல் கிடைத்தது.

உன்னைத் தூக்கிய கை இது. அன்று நான் படிவம் நிரப்பிக்கொண்டு நிற்கவில்லை. அந்தக் கைக்கு நீ கொடுக்கும் மரியாதை இதுதானா?

எனக்கு ஐம்பத்தைந்து வயது. ஆனெட் போய் நான் தனிக்கட்டையான பிறகு வீட்டில் நானும் நாயும்தான். காலையில் எழுந்து போக அந்தக் காற்றாலை மலை ஒன்றுதான் இருக்கிறது. மேலே கதவைத் திறந்து தலையை நீட்டும்போது மட்டும்தான் நான் ஒரு மனுஷன் என்று தோன்றுகிறது. தோள் கிழிந்திருக்கிறது என்று ஒரு டாக்டர் எழுதினால் அதோடு சரி, இந்த வயதில் யாரும் என்னை மறுபடி ஏணியில் ஏற்றமாட்டார்கள். கொட்டகையில் போல்ட் எண்ணியே சாக வேண்டியதுதான். உனக்கு இது புரியும் என்று நினைத்தேன். நீயும் ஏறினவள்தானே!

மார்னி உயிரோடு இருக்கிறாள். முழங்காலில் சிராய்ப்பு. அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

வெள்ளிக்கிழமை நான் யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை. திங்கட்கிழமை நீ சொன்னால் எனக்கு அக்கா என்று யாரும் இல்லை. யோசித்துச் செய்.

ராய்ஸ் ட்ரெகியர்

வார்னம்பூல்
27 மார்ச் 2023

அன்புள்ள ராய்ஸுக்கு,

சொல்லிவிட்டேன்.

கடிதம் போய்ச் சேர நாளாகும், நீங்களோ ஏழு மணிக்கு ஏறிவிடுவீர்கள். அதனால் காலை ஆறேகாலுக்கே கிரஹாமுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க அவனோட அக்காதானே?" என்றார். ஆமாம் என்றேன். "சரிங்க. இன்னைக்கு அவன் ஏறமாட்டான்" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் எங்கள் வெண்டியின் மேஜையில் என் அட்டையைக் கழற்றி வைத்தேன். கொட்டகைக்கு முதலாளி அவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். "தம்பிக்குன்னு ஒரு தடவை தப்புப் பண்ணீங்க, சரி. அதை நீங்களே ஏன் வந்து சொல்றீங்க? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியுமே" என்றேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

எழுத்திலும் கொடுத்துவிட்டேன். உன் தோளைப் பற்றி நான் கண்டது, நீ செய்யாத பயிற்சி, நான் போட்ட கையெழுத்து, அந்தப் பதினொரு நிமிடம். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

உனக்கு அக்கா இல்லை என்றாலும் எனக்குத் தம்பி இருக்கிறான்.

கிளெனிஸ்

வார்னம்பூல்
30 ஏப்ரல் 2023

அன்புள்ள ராய்ஸுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. போனை எடுப்பதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கேட்டேன், நாயோடு நடக்கப் போகிறாய் என்றார். அந்த மட்டில் சந்தோஷம்.

என்னை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பின்கட்டில் கயிறுகளையும் இடுப்பு வார்களையும் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். கை வெடித்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் வெண்டி பாடம் நடத்துவது கேட்கும். அந்த முதல் கேள்வியை அவளும் கேட்கிறாள், ஆனால் பதிலை ரொம்பச் சீக்கிரம் சொல்லிவிடுகிறாள். எழுந்து போய்த் திருத்தலாமா என்று இருக்கும்.

ஜூன் 14 விசாரணை. எனக்குப் பயிற்சியாளர் அட்டை இனி உண்டா என்று மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். உன்னிடமும் எழுத்தில் கேட்பார்கள். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை, ராய்ஸ். அதை மாற்றி எழுதினால் பொய்யாகிவிடும். கையெழுத்துப் போட்டதற்குத்தான் தினமும் வருத்தப்படுகிறேன். உன்னை நினைத்துத் தினமும் அழுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன வெட்கம்.

சீமை மாதுளை ஜாம் கிளறினேன். உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். பூனை உன் தொப்பியை இன்னும் விடவில்லை.

அக்கா

அராரட்
4 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவதையாவது தபாலில் போட்டுவிட வேண்டும்.

ஸ்கேன் எடுத்தார்கள். தோளில் தசைநார் முக்கால்வாசி அறுந்திருக்கிறது. ஜூலையில் ஆபரேஷன். இனி ஏணி இல்லை. எழுதிவிட்டேன்.

போன ஞாயிறு மார்னி வந்தாள், காலி ஜாம் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு. நான் வேண்டுமென்றே உன்னைப் பற்றி ஆரம்பித்தேன். "எங்க அக்கா பண்ணின வேலையைப் பாத்தியா?" என்றேன். அவளும் சேர்ந்து உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் பாட்டிலை மேஜையில் வைத்தாள். "பெருசு, என் பொண்ணுங்களுக்குக் காய்ச்சலே இல்ல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "மறுநாள் காலைல வண்டியில உக்காந்தேன், சாவியைத் திருப்ப முடியல. உன்கூட ஏறணுமேன்னு இறங்கி வீட்டுக்குள்ள போயிட்டேன். அதான் காய்ச்சல்னு சொன்னேன்" என்றாள்.

"அப்புறம் எதுக்குத் தொங்கும்போது சிரிச்சே? டீ போடச் சொன்னியே?"

"உன் மூஞ்சியைக் கீழேருந்து பாத்தேன். வெளுத்துப்போயிருந்துச்சு. நீ பயந்துட்டா நான் செத்தேன்னு தெரிஞ்சுது. உன்னைத் தெம்பா வச்சுக்கத்தான் சிரிச்சேன். இல்லேன்னா அந்த நேரத்துல யாருக்குய்யா சிரிப்பு வரும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். லீவு பூரா காத்துக்கிட்டு இருந்தேன். 27ஆம் தேதி காலைல வேலையை விட்டுடறேன்னு சொல்லத்தான் வந்தேன், அதுக்குள்ள உங்க அக்கா போன் வந்துட்டுதுன்னு கிரஹாம் சொன்னார். வண்டிக்குள்ள போய் உக்காந்து அழுதேன்."

டீ போட்டுக் கொடுத்தேன். டப்பாவை இப்போது கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். அவள் இப்போது டாம்ஸின் என்ற பெண்ணோடு ஏறுகிறாளாம். நன்றாக இருக்கட்டும்.

உன் விசாரணைக்கு வேண்டியதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அன்று நான்தான் உன்னை அவசரப்படுத்தினேன், தோளை உன்னிடம் மறைத்தேன், 2009ஐ நீ மறக்கமாட்டாய் என்று தெரிந்தே கேட்டேன் என்று எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் நீ படித்துவிட வேண்டும், அதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

பதினொரு நிமிடம் என்று உனக்கு எழுதினேன். நீயும் அதை நம்பி எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தாய். பதினொன்று என்று எழுதும்போதே நீ திட்டுவாய் என்று பயந்தேன். மார்னியிடம் கேட்டேன், எவ்வளவு நேரம் ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா என்று. அவள் கையில் கடிகாரம் இருந்திருக்கிறது, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். யோசிக்காமல் சொன்னாள். எனக்கும் முதலிலிருந்தே தெரியும்.

பத்தொன்பது, அக்கா.

உன் தம்பி,
ராய்ஸ்